பாட்டிக்குப் புரியாத பெட்டி

அந்நாளில் ஜொகூரில் ஏரியலைத் திருப்பினால் சிங்கப்பூர்ப் படம் தெரியும். எங்கள் தோட்டத்துக் கடைச் சீனப் பாட்டிக்கு அதில் வரும் ஹொக்கியன், காண்டனீஸ் நாடகங்களே பொழுதுபோக்கு.

1979-இல் லீ குவான் இயூ மாண்டரின் பேசும் இயக்கத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அந்த நாடகங்கள் நின்றன. ஹாங்காங் தொடர்களும் மாண்டரினில் பேசின. பாட்டிக்கு அது புரியாது. விளக்கிச் சொல்லப் பேத்திக்கு ஹொக்கியன் போதாது. ஒரே பெட்டியின் முன்னால் இருவரும் ஊமையாய் உட்கார்ந்திருந்ததைக் கண்டேன்.

2016-இல் முதியோருக்கு அரசு உதவிகளை விளக்கச் சிங்கப்பூரே மீண்டும் ஹொக்கியன் நாடகம் ஒளிபரப்பியது. இடையில் போன பேச்சு திரும்புமா?

நம் லயங்களிலும் தெலுங்கு, மலையாளம் பேசிய பாட்டிகள் இருந்தார்களே, அவர்கள் மொழி எங்கே? பெட்டியை நம்பாதீர்கள். உங்கள் வீட்டு மொழியில் இன்றிரவே பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லுங்கள்.