தாத்தாவின் கோடு

கொல்கத்தாவுக்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு. லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் காபிப்பொடியும் கிடைத்துவிடுவதால் ஊரை விட்டு வந்த குறை பாதி தெரிவதில்லை. மீதிப் பாதி, மாயவரத்தில் தனியாக இருக்கும் அப்பா.

அம்மா போனதிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு போன் செய்வேன். "சுகர் எவ்வளவுப்பா?" வெறும் வயிற்றில் பார்த்ததைச் சொல்வார். காலண்டரில் குறித்துக்கொள்வேன். அதோடு சரி.

ஆறாவது படிக்கும் மகளுக்குப் பள்ளியில் வீட்டுப்பாடம்: வீட்டில் கிடைக்கும் ஏதாவது ஒரு தகவலைக் கோட்டு வரைபடமாக வரைந்து வா. காலண்டரை நீட்டினேன். கீழே தேதி, பக்கவாட்டில் சர்க்கரை அளவு. முப்பது புள்ளி வைத்து இணைத்தாள்.

"அப்பா, கோடு படுத்தே கிடக்கு!"

பக்கவாட்டில் 0 முதல் 500 வரை போட்டிருந்தாள். அப்படிப் போட்டால் மலைகூடத் தரையாகத்தான் தெரியும். 100 முதல் 120 வரை மட்டும் போடச் சொன்னேன். இப்போது கோடு எழுந்தது. ஆனால் ரம்பப் பல் மாதிரி. 110, 112, 110, 112. தீபாவளிக்கு மறுநாள்கூட 110!

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முந்தின நாள் சாப்பாடு, தூக்கம், காய்ச்சல் என்று எல்லாவற்றுக்கும் ஆடுவது சர்க்கரை. தனித்தனி எண்ணாகப் பார்த்தபோது ஒரு மாதமாகத் தெரியாதது, கோடானதும் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

இந்த ஊர்க்காரர் ஜகதீஷ் சந்திர போஸ் நினைவுக்கு வந்தார். 1917-ல் இங்கே ஆராய்ச்சி நிலையம் தொடங்கியவர். செடியின் வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்ற கருவியைச் செய்தார். புகைக்கரி படிந்த கண்ணாடித் தகட்டில் ஒரு நெம்புகோல் முனை சீரான இடைவெளியில் தொட்டுத் தொட்டுப் புள்ளி வைக்கும். வளர்ச்சி கூடினாலும் குறைந்தாலும் புள்ளிகள் காட்டிக்கொடுத்துவிடும். மனுஷன் கை படாமல் செடி தன் கதையைத் தானே எழுத வேண்டும் என்பதுதான் அவர் பிடிவாதம்.

எங்கள் வீட்டுக் கோட்டை எழுதியது சர்க்கரை இல்லை, அப்பா.

போன் போட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "ஸ்ட்ரிப் தீர்ந்து ஒரு மாசமாச்சுடா. வாங்கிக்கலாம்னு விட்டுட்டேன். அவ்வளவு தூரத்துல இருக்கே, எதுக்கு உன்னைக் கவலைப்படுத்தணும்..." என்றார்.

கோபம் வரவில்லை. நானும்தான் இங்கே காய்ச்சலில் படுத்துக்கொண்டு "நல்லா இருக்கேம்ப்பா" என்று சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கே பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி ஸ்ட்ரிப் வாங்க வைத்தேன். மறுநாள் காலை 214. டாக்டர் மாத்திரையை மாற்றினார்.

இப்போது பேத்தியே ஏழு மணிக்குப் பேசி எண்ணை வாங்கிக்கொள்கிறாள். கோடு ஏறுகிறது, இறங்குகிறது, மொத்தத்தில் கீழே வந்துகொண்டிருக்கிறது. நேற்று 171. "நேத்து ராத்திரி ஒரே ஒரு ஜாங்கிரிம்மா" என்றாராம் தாத்தா.

அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஜாங்கிரி வரைந்து வைத்திருக்கிறாள் :-)