மூன்றாவது அறை

ஜவுளிக்கடை ரசீதின் அடியிலும் பாத்திரக்கடைச் சுவரிலும் நாம் எல்லோரும் படித்துப் பழகிப்போன வாசகம் ஒன்று உண்டு: 'விற்ற சரக்கு வாபஸ் பெறப்படமாட்டாது.' கடைக்காரர் அதை எழுதி வைத்திருந்தாரே தவிர, முகம் பார்த்துப் பழகியவர்களிடம் அதை ஒருநாளும் அமல் நடத்தியதில்லை. புடவையின் கலர் பெண்ணுக்குப் பிடிக்கவில்லை என்று மறுநாள் போய் நின்றால், முணுமுணுத்துக்கொண்டே வேறு புடவை எடுத்துப் போடுவார். இன்றைக்கு அதே வாசகம் கைபேசிக்குள் குடியேறிவிட்டது. 'நான் ரீஃபண்டபிள்' என்று அதற்குப் பெயர். அங்கே முணுமுணுக்கக்கூட ஆள் இல்லை என்பதுதான் சங்கடம்.

எங்கள் வடபழனியில் முகூர்த்த நாள் என்றால் என்ன என்பதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆண்டவர் சந்நிதியில் விடியற்காலை நாலரை மணிக்கே கெட்டிமேளம் ஆரம்பித்துவிடும். ஒரு ஜோடி மாலை மாற்றி இறங்குவதற்குள் அடுத்த ஜோடி தயாராக நிற்கும். ஊரிலிருந்து வருகிற உறவினர்கள் முதல் நாள் சாயங்காலமே வந்து இறங்குவதால், சுற்றுவட்டாரத்தில் தங்குமிடம் கிடைப்பது குதிரைக் கொம்பு.

எங்கள் மாடி வீட்டுக்காரர் கணக்கு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய பெண்ணுக்கு 8ஆம் தேதி விடியற்காலை முகூர்த்தம். சம்பந்தி வீட்டாருக்காக மூன்று அறைகளை ஒரு கம்பெனியின் வலைத்தளத்தில் தாமே பதிவு செய்தார். அறைக்கு 2,800 ரூபாய் வீதம் 8,400 ரூபாய். கல்யாணம் 8ஆம் தேதி. ஆகவே அறையும் 8ஆம் தேதிக்கு. நம் பஞ்சாங்கத்துக்கு நாள் என்பது சூரியோதயத்தில் தொடங்குவது. 8ஆம் தேதி விடியற்காலை என்றால் 7ஆம் தேதி ராத்திரியின் வால்தான். கம்ப்யூட்டருக்கோ நடுநிசியில் தேதி மாறுகிறது, ஓட்டலுக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நாள் பிறக்கிறது. தாலி கட்டி, விருந்து முடிந்து, பந்திப்பாய் சுருட்டுகிற நேரத்தில் அல்லவா சம்பந்திக்கு அறைச் சாவி கிடைக்கும்!

பணம் கட்டிய பத்தாவது நிமிஷம் அவருக்கே இது உறைத்துவிட்டது. உடனே கம்பெனிக்குப் போன் செய்தார். "ஓட்டல்காரர்களைக் கேளுங்கள்" என்றார்கள். ஓட்டலைக் கேட்டால், "நீங்கள் கம்பெனி மூலம் அல்லவா வாங்கினீர்கள்?" என்றார்கள். இரண்டு நாள் இப்படிப் பந்தாடப்பட்ட பிறகு என்னிடம் வந்தார்.

"சார், நீங்க கதை எழுதறவர். எனக்கு ஒரு கடுதாசி எழுதிக் கொடுங்களேன்."

கதை எழுதுகிறவனுக்குக் கடுதாசி எழுத வரும் என்பது நம் ஜனங்களின் பழைய நம்பிக்கை. அதைக் கெடுப்பானேன் என்று உட்கார்ந்து, வக்கீல் சிநேகிதர் ஒருவரையும் கேட்டுக்கொண்டு, சட்டத்தைப் புரட்டினேன்.

முதலில் கிடைத்தது மாடி வீட்டுக்காரருக்கு அனுகூலமாக இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, ஒரு தரப்பார் மட்டும் ஒரு விஷயத்தைத் தப்பாக நினைத்துக்கொண்டார் என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்கிறது. விமானப் பயணத்துக்காவது ஒரு கருணை உண்டு. ஏழு நாளோ அதற்கு மேலோ இருக்கிற பயணமானால், சீட்டு வாங்கிய 24 மணி நேரத்துக்குள் அபராதமில்லாமல் ரத்து செய்யலாம் என்று 2019ல் சர்க்கார் வெளியிட்ட பயணிகள் சாசனம் சொல்லிற்று. நேரடியாகக் கம்பெனியிடம் வாங்கிய சீட்டானால், அந்த அவகாசத்துக்குள் பெயரில் உள்ள பிழையையும் இலவசமாகத் திருத்தலாம். (இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று திண்டாடுகிற நம்மவர்களுக்கென்றே செய்தது போல் இருக்கிறது.) ஓட்டல் அறைக்கு அப்படி அவகாசம் கொடுக்கும் விதி நம்மிடம் இல்லை. ஐரோப்பாவில் வலைத்தளத்தில் வாங்கிய பொருளைப் பதினாலு நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் குறிப்பிட்ட தேதிக்குப் பிடித்த ஓட்டல் அறைக்கு அங்கேயும் விலக்குத்தான்.

ஆனால் விஷயம் இத்தோடு தீர்ந்துவிடவில்லை. நம் சென்னை ஹைகோர்ட்டிலேயே 1966ஆம் வருஷத்துச் சட்ட அறிக்கைகளில் வெளியான ஒரு வழக்கு இருக்கிறது. 'லில்லி ஒயிட்' என்ற சலவைக் கம்பெனியிடம் ஒருவர் புதுப் புடவை ஒன்றை வெளுக்கப் போட்டார். புடவை தொலைந்துவிட்டது. துணி காணாமற்போனால் மார்க்கெட் விலையில் பாதிதான் தரப்படும் என்று ரசீதின் பின்னால் அச்சிட்டிருக்கிறதே என்றது கம்பெனி. இந்த நிபந்தனை பொது நலனுக்கு விரோதமானது, செல்லாது என்றது கோர்ட்டு. அதற்குச் சொன்ன காரணம் சுவாரஸ்யமானது. இதை ஒப்புக்கொண்டால் சலவைக்காரர் புதுத் துணியைப் பாதி விலைக்குத் தமக்கே வைத்துக்கொள்ளலாமே! வாடிக்கைக்காரரின் நஷ்டத்தில் விற்றவர் லாபம் பார்க்க ரசீது வழி செய்யக்கூடாது என்பது சாராம்சம்.

ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் இதன் ஒன்றுவிட்ட சகோதரம்தான். ஒப்பந்தத்தில் எவ்வளவு அபராதம் எழுதியிருந்தாலும், அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான ஈடுதான் கேட்கலாம். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நஷ்டத்துக்குப் பொருந்தாத அபராதத்தை நியாயமற்ற ஒப்பந்தத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. அப்படி வாதாடுவதானால் மாவட்ட ஆணையம் போதாது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும் என்றார் சிநேகிதர். அதே மாதம் வந்த மின்வணிக விதிகளில் இன்னொரு நல்ல அம்சம். கம்பெனி தானாக ரத்து செய்தால் தானும் அதே போன்ற கட்டணத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வாங்கியவரிடம் ரத்துக் கட்டணம் கேட்கக்கூடாது. குறைதீர்க்கும் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகப் பதில் போட்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்தும் வைக்க வேண்டும்.

கடுதாசியை எழுதிக்கொண்டிருக்கும்போது மாடி வீட்டுப் பெண் தன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். அப்பா அவசர அவசரமாகப் பதிவு செய்த சமயம் விளையாட்டாக எடுத்ததாம். 'சீக்கிரம்! இன்னும் 2 அறைகளே பாக்கி' என்று சிவப்பு எழுத்தில் அதட்டியது. அந்த இரண்டு அறையில்தான் இவருக்கு மூன்று அறை கொடுத்திருக்கிறார்கள்! இல்லாத பஞ்சத்தைக் காட்டி வாங்குகிறவரை விரட்டுவது, 2023 நவம்பர் 30ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடுத்த 13 தந்திரங்களில் ஒன்று. தேதியைத் தப்பாகப் போட்டது அவர் கைதான். ஆனால் அந்தக் கையைப் பிடித்து அவசரப்படுத்தியது யார்? கடுதாசிக்கு அதுவரை இல்லாத பலம் வந்தது.

எழுதினோம். தேதியை மாற்றிக் கொடுங்கள், முடியாத அறையின் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டோம். 8ஆம் தேதி அறைகளை இப்போதே விட்டுவிட்டோம், 9ஆம் தேதியும் முகூர்த்தமாகையால் அவை தாராளமாக விற்கும் என்றும் சேர்த்துக்கொண்டோம். பிரதி ஓட்டலுக்கும் போயிற்று. பதினோராம் நாள் பதில் வந்தது. 7ஆம் தேதிக்கு இரண்டு அறைதான் மிச்சம். அவற்றை 'நல்லெண்ண அடிப்படையில்' மாற்றித் தருகிறோம். மூன்றாவது அறைக்குப் பணம் வராது. படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மாடி வீட்டுக்காரருக்கு 2,800 ரூபாயைவிட அந்த 'நல்லெண்ணம்'தான் உறுத்தியது. "நான் என்ன சார், பிச்சையா கேட்டேன்?" என்றார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. சம்பந்தியின் தம்பி குடும்பம் எங்கள் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டது. 8ஆம் தேதி சாயங்காலம், மாப்பிள்ளை அழைப்புச் சந்தனம்கூடக் கலையாத சட்டையோடு மாடி வீட்டுக்காரர் அந்த ஓட்டலுக்குப் போன் செய்து, யாரோ போல, "இன்று ராத்திரிக்கு ஒரு அறை கிடைக்குமா?" என்று கேட்டார். "எல்லாம் நிரம்பிவிட்டது சார், மத்தியானமே கடைசி அறையும் போய்விட்டது" என்று மரியாதையாகப் பதில் வந்தது. ஒரே அறைக்கு ஒரே ராத்திரியில் இரண்டு வாடகை! லில்லி ஒயிட்டின் புடவை ஞாபகம் எனக்கு அப்போதுதான் முழுசாக வந்தது.

"போனால் போகிறது, மொய்க் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்" என்கிறாள் அவர் மனைவி. அவர் கேட்பதாக இல்லை. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரைப் பதிந்தாயிற்று. அங்கே படியாவிட்டால் மாவட்ட ஆணையம். கம்பெனியின் தலைமை ஆபீஸ் எந்த ஊரில் இருந்தாலும், தாம் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போட இந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது; ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை, இரண்டு வருஷம் அவகாசம். ரசீது, சிவப்பு எழுத்துப் படம், நல்லெண்ணக் கடிதம், கடுதாசியின் நகல் எல்லாவற்றையும் மீந்துபோன தாம்பூலப் பை ஒன்றில் போட்டு, நேற்றுத்தான் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மனுவின் முதல் பத்தியை ஆரம்பித்திருக்கிறேன்.