டாக்டர் கேட்டார், இல்லை என்றேன்

என் மனைவிக்கு இரண்டு முறை கர்ப்பம் கலைந்தது. முதலாவது மூன்றாம் மாத முடிவில். அடுத்தது ஐந்தாம் மாதத்தில். ஸ்கேன் எடுத்தபோது குழந்தையின் இதயத்துடிப்பு நின்றிருந்தது. சொல்லியே ஆகவேண்டிய இடத்தில் இந்த இரண்டையும் நான் மறைத்தேன். அதைத் தெரிந்தேதான் செய்தேன்.

பள்ளியில் அறிவியல் பாடம் நடத்துகிறவன் நான். வீட்டில் அம்மா, "ராசி இல்லாதவ, வயித்துல எதுவும் தங்கமாட்டேங்குது" என்று சொன்னபோதெல்லாம் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். திருக்கருகாவூரில் நெய் வாங்கிவந்தோம். ராமேஸ்வரத்தில் நாகர் பிரதிஷ்டை செய்தோம். கோயிலுக்குப் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. ஏன் இப்படி ஆகிறது என்று ரத்தம் கொடுத்துப் பார்ப்பதில் அந்த அக்கறையில் பாதிகூட நான் காட்டவில்லை. பரிசோதனை செய்தால் குறை அவளிடம் என்று வரும், அல்லது என்னிடம் என்று வரும். இரண்டாவதுக்குத்தான் அதிகம் பயந்தேன்.

31 வயதில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கத்துக்குப் போகும் பெரிய தமனியில் ரத்தக்கட்டி. வலது கை விழுந்துவிட்டது, பேச்சு நின்றுவிட்டது. அவளால் பேச முடியாததால் டாக்டர் என்னிடம் கேட்டார். சுகர் உண்டா, பிபி உண்டா, கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாரா, குடும்பத்தில் யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா. கடைசியாக, "கர்ப்பம் ஏதாவது கலைஞ்சிருக்கா?"

அம்மா என் பின்னால் நின்றிருந்தார். தம்பிக்குப் பெண் பேசி முடித்திருந்த நேரம். பெண் வீட்டார் நலம் விசாரிக்க வந்து கதவருகே நின்றிருந்தார்கள்.

"இல்லை டாக்டர்" என்றேன்.

அவள் இடது கையைத் தூக்கினாள். படபடப்பு என்று டாக்டர் நினைத்திருப்பார். எனக்குப் புரிந்தது. அந்தக் கையைப் பிடித்து மெத்தையில் இறக்கி, "ஒண்ணுமில்லம்மா, படுத்துக்க" என்றேன்.

இன்னொரு தடயமும் இருந்தது. ஏபிடிடி என்ற பரிசோதனையில் ரத்தம் உறைய வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் எடுத்திருந்தது. உறையவே நேரமாகிற ரத்தம் எப்படிக் கட்டும், இது வேறு ஏதோ என்று எனக்கு நானே பாடம் எடுத்துக்கொண்டேன். ஆஸ்பிரினோடு வீடு திரும்பினோம்.

சில மாதங்களில் இடது கால். ஆட்டோவில் அவள் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டேன். ஈரத்தரையில் கிடந்த சில்வர் பாத்திரம்போல ஜில்லென்று இருந்தது, விரல்கள் நீலம் பூத்திருந்தன. தொடையிலிருந்து இறங்கும் தமனி அடைத்திருந்தது. ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்தார்கள். கால் பிழைத்தது, இரண்டு விரல்கள் பிழைக்கவில்லை.

அங்கே வந்து பார்த்த வாதநோய் நிபுணர் என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளிடமே கேட்டார். அதற்குள் அவளுக்குப் பேச்சு கொஞ்சம் திரும்பியிருந்தது. "ரெண்டு" என்று சொல்லியிருக்கிறாள்.

அதன் பிறகுதான் சரியான பரிசோதனைகள். லூபஸ் ஆன்டிகோவாகுலன்ட், கார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் மூன்றும் பாசிட்டிவ். தற்காலிகமாகவும் இப்படி வரலாம் என்பதால் 12 வாரம் கழித்து மறுபடி பார்த்தார்கள், மாறவில்லை. ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம். உடம்பே தனக்கு எதிராகச் சுரக்கும் ஆன்டிபாடிகள், செல்லின் மேலுறைக் கொழுப்போடு ஒட்டும் புரதங்களைப் பிடித்துக்கொள்கின்றன. சோதனைக்குழாயில் அவை ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும்; உடம்புக்குள் நேர்மாறாக உறையவைக்கும். சிரையில் கட்டும், தமனியில் கட்டும், நஞ்சுக்கொடியையும் கெடுக்கும். நான் மறைத்த இரண்டு கர்ப்பங்களும் அந்த நோயின் அடையாளங்கள்.

லண்டனில் கிரஹாம் ஹியூஸ் இந்த நோயை விவரித்தது 1983-இல். என் மனைவி பிறக்கும் முன்பே மருத்துவம் அறிந்த விஷயம். கர்ப்ப காலத்தில் ஹெப்பாரின் ஊசியும் சிறிய அளவில் ஆஸ்பிரினும் கொடுத்தால், இந்த நோய் உள்ள பெண்களில் பெரும்பாலோர் உயிருள்ள குழந்தையைப் பெறுகிறார்கள் என்று டாக்டர் சொன்னபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என் பொய்யால் மட்டும்தான் விரல்கள் போயின என்று அவர் சொல்லவில்லை. இளம் வயதில் காரணம் தெரியாத பக்கவாதம் வந்தால், கேள்விக்கு என்ன பதில் வந்தாலும் இந்தப் பரிசோதனையைச் செய்திருக்கலாம் என்றார். அந்தப் பேச்சை ரொம்ப நாள் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

இப்போது ரத்தம் கட்டாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை, ஆயுள் முழுக்க. ரத்தம் எடுத்து, அது உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பார்த்து மாத்திரையைக் கூட்டிக் குறைக்கிறார்கள். ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் கீரையே இல்லை என்றால் கணக்கு தப்பிவிடும். அடிக்கடி லேபுக்குப் போகத் தேவையில்லாத புது மாத்திரை இருக்கிறதே என்று கேட்டேன். மூன்று பரிசோதனையும் பாசிட்டிவான நோயாளிகளிடம் ரிவராக்ஸபானை வார்ஃபரினோடு ஒப்பிட்ட இத்தாலிய ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது, ரிவராக்ஸபான் தரப்பில் பக்கவாதமும் மாரடைப்பும் கூடிவிட்டன, 2018-இல் அந்த முடிவுகள் வெளிவந்தன என்று விளக்கினார். அப்போதும் நான் கேட்டது அவளுக்காக அல்ல; லேபுக்கு வண்டியில் கூட்டிப்போகிறவன் நான்.

அம்மாவிடம் நோயின் பெயரைச் சொன்னேன். "அப்ப அவ ரத்தத்துலயே கோளாறுன்னு சொல்லு" என்றார். அதற்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். அன்றும் சொல்லவில்லை.

அவளிடம் மட்டும் ஒருநாள், "ஆஸ்பத்திரியில அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். இடது கையால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எனக்குக் காது கேட்டுச்சுங்க" என்றாள்.

மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை, நானும் முடிக்கவில்லை. இப்போதெல்லாம் டாக்டர் எதைக் கேட்டாலும் அவளே பதில் சொல்கிறாள். வார்த்தை திக்கும், நேரமாகும். நான் எடுத்துக்கொடுக்கப் போனால், கையை நீட்டி நிறுத்துகிறாள்.