பேரிகையில் பச்சை உண்டு, தேன் இல்லை

சூளகிரியிலிருந்து பேரிகை செல்லும் சாலையில், மாசி மாதத்திலும் கண்ணுக்கெட்டிய வரை பச்சைதான். தக்காளி, முட்டைக்கோஸ், பசுமைக்குடிலுக்குள் ரோஜா, குடமிளகாய். ஆனால் பெட்டித் தேனீக்கு இங்கே பசியாற வழி குறைவு. தக்காளிப் பூவில் மது கிடைக்காது. முட்டைக்கோஸ் பூக்கும் முன்பே அறுவடையாகிவிடும். பசுமைக்குடிலின் வலையைத் தாண்டித் தேனீ நுழையாது.

அவரைப் பூ ஓய்ந்து, சித்திரையில் புங்கு பூக்கும் வரை உள்ள இடைவெளிதான் ஆபத்தானது. அப்போது புழுக்கள் பெருகுவதால் இருப்புத் தேன் வேகமாகக் கரையும். அது தீர்ந்தால் இந்தியத் தேனீ பெட்டியை விட்டே ஓடிவிடும்.

பெட்டியின் பின்பக்கத்தை லேசாகத் தூக்கிப் பாருங்கள். கனம் குறைந்திருந்தால், ஒரு கிலோ சர்க்கரையை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைத்து, மாலையில் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். தேனீ மூழ்காமலிருக்கக் குச்சிகளைப் போடுங்கள். பாகு வெளியே சிந்தினால் எறும்பு வரும். அடுத்த பெட்டித் தேனீக்களும் கொள்ளையடிக்க வரும். கடைத் தேனைக் கொடுக்காதீர்கள். அதன் வழியே நோய் தொற்றலாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் வைரஸ் நோயால் தென்னிந்தியாவில் ஏராளமான கூடுகள் அழிந்ததை மறக்கக் கூடாது.

தேனீக்கள் மொய்க்காத அடைகளை எடுத்துவிட்டால் மெழுகு அந்துப்பூச்சி அண்டாது. புங்கு பூத்ததும் பாகை நிறுத்திவிடுங்கள். இல்லையேல் எடுக்கும் தேனில் சர்க்கரை கலந்துவிடும்.