ஜித்தா கடைவீதியில் ஏமன் தேன்

ஒரு கிலோ 500 ரியால் என்றார் கடைக்காரர். நம் பணத்தில் 11,000 ரூபாய்க்கு மேல். தேனுக்கா இந்த விலை என்று நான் திகைத்து நின்றபோது, அருகில் நின்ற அரபிப் பெரியவர் ஒருவர் பேரம்கூடப் பேசாமல் இரண்டு டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

ஜித்தாவின் பழைய நகரம் அல் பலத். பவளப்பாறைக் கல்லில் கட்டிய வீடுகள், தெருவை எட்டிப் பார்க்கும் மரச்சாளர மாடங்கள். 2014இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த இடம். என்னை அங்கே கூட்டிப்போனவர் காயல்பட்டினத்து நண்பர். என்னைவிட மூத்தவர், எனக்குக் காக்கா, அதாவது அண்ணன். “வெலய பொறவு பேசலாம், மொதல்ல வாயில வச்சுப் பாருங்க” என்றார். கடைக்காரர் ஒரு சின்ன மரக்குச்சியில் தொட்டு நீட்டினார். கருஞ்சிவப்பு நிறம். சொட்டாக விழாமல் நூலாக இறங்கியது. நாக்கில் முதலில் உருக்கிய நெய்யின் மணம், பிறகு இனிப்பு, கடைசியில் தொண்டையில் லேசான காரம். நல்ல தேன்தான், சந்தேகமே இல்லை. ஆனால் 500 ரியால் ருசிக்கு மட்டும் கொடுக்கிற காசு இல்லை என்பது கடையில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தபோது புரிந்தது.

அது தோஆன் தேன். ஏமனின் ஹள்ரமவ்த் பகுதியில், செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே ஓடும் வறண்ட பள்ளத்தாக்கு தோஆன். மழை வந்தால் காட்டாற்று வெள்ளம், மற்ற நாட்களில் கூழாங்கல். அந்த வெள்ளத்தின் ஈரத்தை நம்பி நிற்பவை ஸித்ர் மரங்கள். நம் இலந்தைக்கு நெருங்கிய சொந்தம். இலையும் முள்ளும் பார்த்தால் நம் ஊர்க்காரருக்கு அறிமுகம் தேவைப்படாது. மழைக்காலம் ஓய்ந்து இலையுதிர் காலம் வரும்போது இவை பூக்கின்றன. அந்த வறட்சியில் அப்போது வேறு பூ அதிகம் இருப்பதில்லை. தேனீக்கு ஸித்ரை விட்டால் போக்கிடம் குறைவு. ஒற்றைப் பூவின் தேன் அப்படித்தான் கிடைக்கிறது. காற்றில் ஈரம் இல்லாததால் தேனிலும் நீர் குறைவு. கெட்டித்தன்மைக்கு அதுதான் காரணம். தேனீ வளர்ப்பவர்கள் கூடுகளை லாரியில் ஏற்றி, பூவைத் தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள். பயணம் பெரும்பாலும் இரவில். வெயில் இருக்காது, தேனீக்களும் கூட்டுக்குள் அடங்கியிருக்கும்.

சரி, அந்தப் பள்ளத்தாக்குத் தேனுக்கு ஜித்தாவில் ஏன் இத்தனை மோகம்? முதல் காரணம், வாங்குகிறவர்களில் பலர் அந்த மண்ணின் வழிவந்தவர்கள். பிழைப்புத் தேடிக் கடல் தாண்டுவது ஹள்ரமிகளுக்கு, அதாவது ஹள்ரமவ்த் மக்களுக்கு, பழைய வழக்கம். சவூதியின் பெரும் வணிகக் குடும்பங்களான புக்ஷான், பின் லாடின் இரண்டுக்கும் பூர்விகம் தோஆன்தான். மக்கா, மதீனா பள்ளிவாசல்களின் விரிவாக்கப் பணிகளைச் செய்த முஹம்மது பின் லாடின் அந்தப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்தவர். பாட்டன் ஊர்த் தேனுக்குப் பேரன் விலை பார்ப்பானா?

இரண்டாவது, மார்க்கம். குர்ஆனின் 16ஆவது அத்தியாயத்துக்குப் பெயரே தேனீ. தேனில் மனிதருக்கு நிவாரணம் உண்டு என்று அதில் வருகிறது. ஸித்ர் மரமும் குர்ஆனில் இடம்பெற்ற மரம். இறந்தவரைக் குளிப்பாட்டும் நீரில் அதன் இலையைப் போடுவார்கள். நம் ஊரில் இலந்தை இலை. ஆகவே ஸித்ர் தேன் என்றால் பாதி உணவு, பாதி மருந்து. காக்கா வீட்டில் டீக்கும் ரொட்டிக்கும் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய ஜெர்மனி லாங்னேஸ் தேன் பாட்டில். ஏமன் தேன் தனி அலமாரியில், காய்ச்சலுக்கும் முக்கியமான விருந்தாளிக்கும். நான் எந்த வகை விருந்தாளி என்று கேட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் காலை மஸூப் வந்தது: பிய்த்த ரொட்டியும் வாழைப்பழமும் பிசைந்து, மேலே பாலாடையும் தேனும். ஜித்தாவுக்குப் போய் இதைச் சாப்பிடாமல் திரும்பக் கூடாது.

அல் பலத்தில் பார்த்த அதே தேன் கடையில் கஷ்மீரி ஸித்ர் என்று இன்னொரு ஜாடி இருந்தது. விலை பாதிக்கும் கீழே. பெயரை மறைத்து ருசிக்கக் கொடுத்தால் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் பிரித்துச் சொல்வார்கள் என்று எனக்குச் சந்தேகம். மலிவான தேன் தோஆன் பெயரில் விலைபோவது இந்த வியாபாரத்தின் தீராத நோய். தீக்குச்சியை நனைத்துப் பற்றவைப்பது, மணலில் சொட்டுவிடுவது என்று கடைகளில் காட்டும் வித்தைகள் எதையும் நிரூபிப்பதில்லை. கரும்பு, சோளச் சர்க்கரை கலந்திருந்தால் கார்பன் ஐசோடோப் சோதனையில் மாட்டும். அரிசிப் பாகு அந்தச் சோதனைக்கும் தப்பிவிடும்.

நிஜத் தேனை எடுக்கிறவர்கள் பாடு வேறு. ஏமனில் ஏறக்குறைய ஒரு லட்சம் குடும்பங்கள் தேனீயை நம்பி வாழ்கின்றன என்கிறது செஞ்சிலுவைச் சங்கம். பத்தாண்டு தாண்டிய போரில் பல இடங்களில் பூ இருக்கும் நிலத்தில் கண்ணிவெடியும் இருக்கிறது. கூட்டை நகர்த்த டீசல் வேண்டும். அதன் விலையும் ஏறிவிட்டது. இதையெல்லாம் பார்த்தால் 500 ரியால் அநியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதில் எவ்வளவு தோஆனுக்குத் திரும்பிப் போகிறது என்பதுதான் கேள்வி.

நீங்கள் போனால் கால் கிலோ போதும். எந்தப் பருவத்துத் தேன் என்று கேளுங்கள், ஆய்வுக்கூடச் சான்று இருந்தால் வாங்கிப் பாருங்கள், கஷ்மீரியையும் ருசித்துவிட்டு முடிவு செய்யுங்கள். வாங்கியதைப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள்; விமான நிலையச் சோதனையில் தேனும் திரவம்தான், 100 மில்லிக்கு மேல் கைப்பையில் விடமாட்டார்கள்.