செப்பு

அவ்வாவுக்குப் பக்கவாதம் வந்த அன்று, திருவேங்கடத்திலிருந்து கோயில்பட்டிக்குக் காரில் போகும் வழியெல்லாம் அவள் வாயிலிருந்து வந்தது ஒரே சத்தம்: "தா... தா..." வலது கை விழுந்துவிட்டது. ஆனால் நாங்கள் பேசியதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. "கண்ணாடியை ஏத்தவா?" என்றால் தலையாட்டினாள்.

பிறகுதான் பால் ப்ரோக்காவைப் பற்றிப் படித்தேன். 1861இல் பாரிஸில் அவர் பார்த்த நோயாளி ஒருவருக்கு "டான்" என்ற அசையைத் தவிர அநேகமாக எதுவும் வராது. மற்றவர்கள் சொல்வது புரியும். அவர் இறந்த பிறகு பார்த்தால், மூளையின் இடது முன்பகுதி சிதைந்திருந்தது. நாக்கும் தொண்டையும் நன்றாக இருந்தாலும் பேச்சு போய்விடலாம் என்பது அப்போதுதான் உறைத்தது.

மூன்றாவது வாரம் அவ்வாவுக்கு வார்த்தை வந்தது. தெலுங்கில்.

கி.ரா.வின் இடைசெவலைப் போல எங்கள் பக்கமும் பல வீடுகளில் உள்ளே தெலுங்கு, வெளியே தமிழ். பள்ளிக்கூடத்தில் பையன்கள் கேலி பண்ணியதில் நான் வீட்டிலும் தமிழுக்கு மாறிவிட்டேன். தாத்தா போன பிறகு அவ்வாவும் என்னிடம் தமிழ்தான் பேசினாள்.

முதலில் கற்ற மொழியே முதலில் திரும்பும் என்பது 1881இல் ரிபோ சொன்னதிலிருந்து வந்த விதி. அதிகம் புழங்கிய மொழிதான் திரும்பும் என்றார் பித்ரே, 1895இல். பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே திரும்புகின்றன. அவ்வா ரிபோ பக்கம்.

ஒரு நாள் சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "செப்பு" என்றாள். ஏதாவது பேசு என்கிறாள். புரிந்தது. பதில் சொல்லத்தான் வாய் வரவில்லை. ஒன்றிரண்டு சொல் வந்தது, வாக்கியம் கூடவில்லை. எனக்கு எந்த ரத்தக்குழாயும் அடைக்கவில்லை, வெட்கம் அடைத்தது.

மூளை ஒரு மொழியைத் தானாக வாங்கிக்கொள்ளும் காலம் பருவ வயதோடு முடிகிறது என்று எரிக் லென்னபெர்க் 1967இல் எழுதினார். அந்தக் கதவு அவ்வளவு இறுக்கமாகச் சாத்துவதில்லை என்று பின்னால் வந்தவர்கள் வாதாடுகிறார்கள். அவர்கள் சொல்வது சரியாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சுயநலம் உண்டு.

இப்போது தினமும் தம்ளரைக் காட்டுவேன். அவ்வா "நீள்ளு" என்பாள். நானும் "நீள்ளு" என்பேன். பிறகு நான் "தண்ணி" என்பேன். அவள் உதட்டைக் கூட்டி முயற்சி செய்வாள். யாருக்கு யார் வைத்தியம் பார்க்கிறோம் என்று அம்மா கேட்கிறாள்.