சூப்பர்வைசர் எதைப் பார்க்கலாம், எதைத் தொடலாம்?

வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கும் விற்பனைப் பிரதிநிதிகளுக்கு மேலே ஒரு சூப்பர்வைசர். நோட்டுப் புத்தகக் காலத்தில் மாலையில் ரிப்போர்ட்டை நீட்டினால் வேலை முடிந்தது. மென்பொருளில் அவரை அமர்த்த இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும்.

2005ல் வந்த ஜோஹோ சிஆர்எம்மை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'ரோல்' என்பது யாருடைய பதிவுகளைப் பார்க்கலாம் என்பது. ஐந்து பிரதிநிதிகளுக்கு மேலே சூப்பர்வைசரை வைத்தால், ஐவரின் பதிவுகளும் அவருக்குத் தெரியும். 'ப்ரொஃபைல்' என்பது அந்தப் பதிவுகளை என்ன செய்யலாம் என்பது: பார்க்கலாமா, திருத்தலாமா, அழிக்கலாமா?

இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொண்டால்தான் வம்பு. 'சூப்பர்வைசர்தானே' என்று எல்லா உரிமையையும் கொடுத்துவிட்டால், மாதக் கடைசியில் ஒருவருடைய ஆர்டர் இன்னொருவர் பெயருக்கு மாறலாம். அப்புறம் என்ன... அலைந்தவருடைய இன்சென்டிவ் அடுத்தவர் பாக்கெட்டில்!

ஆகவே பார்க்கும் உரிமை தாராளமாக இருக்கட்டும். திருத்தும் உரிமை அளவோடு போதும். அழிக்கும் உரிமை வேண்டவே வேண்டாம். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற விவரமும் பதிவாகட்டும். சூப்பர்வைசர் செய்வதும் பதிவாகிறது என்று தெரிந்தால்தான், பிரதிநிதியும் நம்பி உண்மைக் கணக்கை எழுதுவார்.